ஹுர்ரெம் சுல்தானுக்கு அதிகாரம் எந்த வழியாக வந்தது?

நீங்கள் கேட்டது இரண்டே வரி. துருக்கித் தொடரில் வரும் ஹுர்ரெம் உண்மையிலேயே சந்தையில் விற்கப்பட்ட அடிமைதானா, அப்படியானால் ஆட்டோமன் சுல்தான் சுலைமானை மணந்து ஆட்சியையே தன் பக்கம் திருப்பியது அழகாலா சூனியத்தாலா, சுலைமானின் மூத்த மகன் முஸ்தஃபாவைக் கொல்லவைத்தது அவர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. தன் உடம்பின் மீதுகூட உரிமை இல்லாத ஒருத்திக்கு, உலகின் மிகப் பெரிய அரசு ஒன்றில் அதிகாரம் எந்த வாசல் வழியாக வந்தது? அதற்குப் பதில் சொன்னால் மற்றவையும் தெளியும். சுருக்கமாக: அழகு ஒரு பகுதிகூட இல்லை. ஆட்டோமன் அந்தப்புரத்துக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கின் நான்கைந்து விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இவருக்காகத் தளர்த்தப்பட்டன. தளர்ந்த ஒவ்வொரு விதியும் அடுத்ததைத் தளர்த்த வழிவிட்டது.

முதலில் பிறப்பு. அவர் ருத்தேனிய நாட்டவர், அதாவது அன்று போலந்து அரசின் கீழும் இன்று உக்ரைனிலும் இருக்கும் நிலப்பகுதியைச் சேர்ந்தவர் என்பது உறுதி. சுலைமானுக்கு மிகப் பிரியமான மனைவி எங்கள் நாட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர் என்று லித்துவேனிய எழுத்தாளர் ஒருவர் அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதியிருக்கிறார். ரோக்ஸெலானா, அதாவது ருத்தேனியப் பெண், என்று ஐரோப்பியர் அவரை அழைத்ததும் அந்தப் பிறப்பை வைத்துத்தான். ரோஹாட்டின் ஊர், பாதிரியார் அப்பா, அலெக்சாண்ட்ரா அல்லது அனஸ்தாசியா என்ற இயற்பெயர் எல்லாம் பின்னால் வந்த மரபுகள். பாதிரியார் மகள் என்பது நடந்திருக்கக்கூடியதுதான், ஆனால் அவர் காலத்து ஆவணம் எதுவும் அதைச் சொல்லவில்லை. கிரீமிய தாத்தாரியர் அந்தப் பகுதிகளில் ஆள்பிடிக்க வருவது வாடிக்கை. பிடிபட்டவர்கள் கருங்கடல் துறைமுகமான கெஃபேவுக்கு நடத்திச் செல்லப்பட்டு, அங்கே விலைபேசப்பட்டு, கப்பலில் இஸ்தான்புல்லுக்குப் போவார்கள். 1475 முதல் கெஃபே ஆட்டோமன் கையில். அடிமை வணிகத்தின் வரி அரசுக்குத்தான் போனது. இவரும் அந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும். அவரைச் சுலைமானிடம் சேர்த்தது யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, சான்று எதற்கும் கிடையாது.

சுலைமான் 1520 செப்டம்பரில் அரியணை ஏறினார். 1521-ல் ஹுர்ரெமுக்கு மெஹ்மத் பிறந்தான். இடைவெளி அவ்வளவு குறுகியது. அப்போது அவருக்குச் சுமார் பதினேழு வயது இருக்கலாம்.

இங்கே சட்டத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால் மேலே எதுவும் பிடிபடாது. இஸ்லாமியச் சட்டப்படி எஜமானுக்குக் குழந்தை பெற்ற அடிமைப் பெண் ‘உம்மு வலத்’ ஆகிறாள். அதன்பின் அவளை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ முடியாது. எஜமான் இறந்ததும் அவள் தானாக விடுதலை ஆகிறாள். குழந்தை பிறக்கும்போதே சுதந்திரப் பிறவி. மனைவி பெற்ற பிள்ளைக்கும் அதற்கும் வாரிசுரிமையில் வேறுபாடு இல்லை. ஆகவே அடிமையின் மகன் சுல்தானாவதில் அதிசயம் ஒன்றுமில்லை. சுலைமானின் தாய் ஹஃப்ஸாவும் அடிமையாக வந்தவர்தான். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ஆட்டோமன் சுல்தான்கள் அரசகுலப் பெண்களை மணப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். அடிமைப் பெண்ணுக்கு அப்பா இல்லை, அண்ணன் இல்லை, சீதனமாக நிலம் கேட்கும் மாமனார் இல்லை. வாரிசும் கிடைக்கும், பங்காளியும் சேரமாட்டான். அரசகுலம் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளக் கண்ட கொடூரமான வழி அது.

அதோடு சேர்ந்து இயங்கியது ‘ஒரு தாய்க்கு ஒரு மகன்’ என்ற வழக்கம். ஒருத்தி மகனைப் பெற்றுவிட்டால் சுல்தானின் படுக்கையறைக்கு மீண்டும் அழைக்கப்படமாட்டாள். அவள் வேலை இனி அந்த மகனை வளர்ப்பது. பையன் வளர்ந்ததும் ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பப்படுவான், தாயும் கூடப் போவாள். அவன் வீட்டை நடத்துவது, ஆசிரியர்களையும் ஆலோசகர்களையும் கண்காணிப்பது, தலைநகரிலிருந்து செய்தி திரட்டுவது, விஷம் வைக்கப்படாமல் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஏனென்றால் அரியணை ஏறுபவர் சகோதரர்களைக் கொல்லலாம் என்று இரண்டாம் மெஹ்மதின் சட்டம் அனுமதித்திருந்தது. மகன் தோற்றால் அவன் உயிர் போகும், தாயின் எதிர்காலமும் போகும். ஒரே தாய்க்கு இரண்டு மகன்கள் இருந்தால் அவள் யாருக்காக நிற்பாள்? அந்தச் சிக்கல் வராமலிருக்கத்தான் இந்த வழக்கம்.

முதலில் உடைந்தது இதுதான். மெஹ்மதுக்குப் பிறகும் சுலைமான் ஹுர்ரெமையே அழைத்தார். 1522-ல் மகள் மிஹ்ரிமா, 1524-ல் செலிம், 1525-ல் பாயஸீத், சில ஆண்டுகள் கழித்து 1531-ல் ஜிஹாங்கிர். இடையில் அப்துல்லா என்ற மகன் பிறந்து சிறுவயதிலேயே இறந்தான். சுலைமானுக்கு மூத்த பிள்ளைகள் சிலர் இருந்தும், 1521-க்குப் பின் மிஞ்சிய மூத்த மகன் 1515-ல் பிறந்த முஸ்தஃபா ஒருவன்தான். அவன் தாய் மஹிதெவ்ரான். ஹுர்ரெம் வந்த பிறகு வேறு எந்தப் பெண்ணிடமும் சுலைமானுக்குப் பிள்ளை பிறந்ததாகப் பதிவில்லை. பல நூறு பெண்கள் இருந்த இடத்தில் சுல்தான் ஒருத்தியோடு மட்டும் குடும்பம் நடத்துவது அன்றைய மக்களுக்கு விளங்கவே இல்லை. விளங்காததற்குச் சூனியம் என்று பெயர் வைத்தார்கள்.

அழகு பற்றி ஒரு சொல். 1526-ல் வெனிஸ் தூதர் பியெத்ரோ பிரகதின் தன் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், அவர் இளம் வயதினர், அழகி இல்லை, ஆனால் நளினமானவர், குள்ளமானவர் என்று எழுதினார். பிரகதின் அவரைக் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை, அந்நிய ஆண் யாருக்கும் அங்கே அனுமதி கிடையாது. அரண்மனையைச் சுற்றி உலவிய பேச்சைத்தான் பதிந்தார். அந்தப் பேச்சிலேயே பேரழகி என்ற பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் பார்க்கும் ஐரோப்பிய ஓவியங்கள் எல்லாம் கற்பனை முகங்கள். மஹிதெவ்ரான் அவரை ‘விற்கப்பட்ட இறைச்சி’ என்று திட்டி முகத்தைக் கீறியதாகவும், அந்தக் கீறலையே காரணம் காட்டி ஹுர்ரெம் சுல்தானிடம் போக மறுத்ததாகவும் உள்ள பிரபலமான கதை 1553-ல் இன்னொரு வெனிஸ் தூதரான நவஜேரோ எழுதியது. சண்டை நடந்திருந்தால் அது பல ஆண்டுகள் முன்பே நடந்திருக்க வேண்டும். கேட்ட கதையாக எடுத்துக்கொள்ளலாம், சாட்சியமாக அல்ல.

அவர் குரலை நேராகக் கேட்க நமக்கிருப்பது கடிதங்கள். சுலைமான் 13 படையெடுப்புகளை நேரில் நடத்தியவர். பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேல் தலைநகரில் இருக்கமாட்டார். அந்த நாட்களில் ஹுர்ரெம் எழுதியவற்றில் சில தோப்கபி அரண்மனை ஆவணங்களில் இன்றும் இருக்கின்றன. ஆரம்பக் கடிதங்களின் நடை அரண்மனை எழுத்தருடையது, அப்போது அவருக்குத் துருக்கி மொழி முழுதும் வசப்படவில்லை. பின்னால் அவரே எழுதுகிறார். பிரிவுத் துயரம், பிள்ளைகளின் உடல்நலம் இவற்றுக்கு நடுவே நகரத்தின் செய்திகளும் வருகின்றன: கொள்ளைநோய் எப்படி இருக்கிறது, மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், போர்க்களத்திலிருந்து நற்செய்தி வராவிட்டால் ஊர் எப்படிக் கலங்கும் என்பவை. இந்த இடத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். அமைச்சர்களான வஸீர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு, அவர்கள் எழுதும் அறிக்கைக்கு ஒரு நோக்கம் உண்டு. சுல்தானைத் தவிர வேறு யாரையும் சார்ந்திராத ஒருவரிடமிருந்து வரும் செய்தி அவருக்கு எவ்வளவு விலைமதிப்பானது! அடிமைக்குச் சொந்தபந்தம் இல்லை என்பதே அவர் நம்பிக்கைக்கு உரியவரானதற்குக் காரணமாயிற்று என்பது என் கணிப்பு.

1534 மார்ச்சில் ஹஃப்ஸா இறந்தார். அந்தப்புரத்தின் தலைமை அவர் கையில் இருந்தவரை பழைய வழக்கங்களுக்கு ஒரு காவல் இருந்தது. அதே ஆண்டு சுலைமான் ஹுர்ரெமை விடுதலை செய்து நிக்காஹ் செய்துகொண்டார் என்றே பெரும்பாலான வரலாற்றாளர்கள் கொள்கிறார்கள். ஆண்டைப் பற்றிச் சிறு கருத்து வேறுபாடு உண்டு, ஏனென்றால் ஆட்டோமன் வரலாற்று ஏடுகள் இந்தத் திருமணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. விழாக் கொண்டாட்டங்களை விவரிப்பது ஜெனோவா வங்கி ஒன்றின் குறிப்பு. வரிசை முக்கியம். அடிமையாகவே வைத்துக்கொண்டு எஜமான் அவளை மணக்க முடியாது, முதலில் விடுதலை, பிறகு மஹர் என்ற மணக்கொடை, பிறகு நிக்காஹ். பள்ளிவாசல் கட்ட ஹுர்ரெம் ஆசைப்பட்டதாகவும், அடிமை செய்யும் தர்மத்தின் புண்ணியம் எஜமானுக்கே சேரும் என்று மார்க்கச் சட்ட அறிஞரான முஃப்தி சொன்னதாகவும், அவர் வாடிப்போனதைக் கண்டு சுல்தான் விடுதலை தந்ததாகவும், விடுதலையானதும் திருமணம் இல்லாமல் படுக்கையைப் பகிர்வது பாவம் என்று அவர் மறுத்ததாகவும் ஐரோப்பியர் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள சட்ட தர்க்கம் சரிதான். அடிமைக்குச் சொத்து கிடையாது, வக்ஃப் செய்யவும், அதாவது அறப்பணிக்குச் சொத்தை எழுதிவைக்கவும், முடியாது. உரையாடல்களுக்குத்தான் ஆதாரம் இல்லை.

அவருக்குச் சுல்தானின் முதன்மைத் துணைவி என்ற பொருளில் ‘ஹசேகி’ பட்டமும், நாளொன்றுக்கு 2,000 அக்சே என்ற வெள்ளி நாணயப் படியும் கிடைத்தன. அன்று உயர்நிலை மதரஸா ஒன்றின் தலைமை ஆசிரியருக்கு நாளுக்கு 50 அக்சே. கணக்குப் போட்டுப் பாருங்கள். பணத்தைவிடப் பெரிய மாற்றம் இருப்பிடத்தில் நடந்தது. அரச பெண்கள் வாழ்ந்தது பழைய அரண்மனையில், இன்றைய இஸ்தான்புல் பல்கலைக்கழகம் இருக்கும் பேயஸீத் பகுதியில். ஆட்சி நடந்தது தோப்கபியில். சுல்தான் அங்கிருந்து இங்கே வந்து போவார். ஹுர்ரெம் தோப்கபியிலேயே தங்கத் தொடங்கினார். 1541-ல் பழைய அரண்மனையில் தீப்பிடித்ததைக் காரணமாகச் சொல்வார்கள். திருமணத்துக்குப் பின்னாலேயே அவருக்கு அங்கே அறைகள் இருந்தன என்று நினைக்கவும் இடமுண்டு. எப்படியானாலும் அமைச்சரவையான திவான் கூடும் வளாகத்துக்குள் ஒரு பெண் குடியேறியாயிற்று. மகன்கள் மாகாணங்களுக்குப் போனபோதும் அவர் போகவில்லை. நான்கு மகன்களில் யாரோடு போவது? கடைக்குட்டி ஜிஹாங்கிருக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது, தனியே ஆளுநராக அனுப்பும் நிலையில் அவன் இல்லை. தாய் தலைநகரிலேயே இருந்தார். மஹிதெவ்ரானோ முஸ்தஃபாவோடு மனீசாவிலும், 1541 முதல் இன்னும் தொலைவிலுள்ள அமாசியாவிலும் இருந்தார். ஒருத்தி முடிவெடுக்கும் இடத்தில், மற்றவர் பல நாள் பயணத் தொலைவில். வாரிசுப் போட்டியில் மனீசாவுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் சுல்தான் இறந்த செய்தி கேட்டு முதலில் தலைநகர் வந்து சேர்பவனுக்கே வாய்ப்பு. அந்த மனீசா அடுத்து ஹுர்ரெமின் மூத்த மகன் மெஹ்மதுக்குக் கிடைத்தது. அவன் 1543-ல் நோயில் இறந்தான். அவன் நினைவாகத்தான் கட்டடக் கலைஞர் சினான் ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைக் கட்டினார்.

அரசவையில் அவருக்கென்று ஆள் வேண்டுமே, அதற்கு வழியானது மகளின் திருமணம். 1539-ல் மிஹ்ரிமாவை ருஸ்தெம் பாஷாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1544-ல் ருஸ்தெம் தலைமை வஸீர் ஆனார். தாய், மகள், மருமகன் மூவரும் ஒரே அணி. ருஸ்தெம் நிதி நிர்வாகத்தில் கெட்டிக்காரர், லஞ்சம் வாங்கினார் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தலைமை வஸீராக இருந்த இப்ராஹிம் பாஷா 1536 மார்ச்சில் கொல்லப்பட்டதையும் ஹுர்ரெம் தலையில் கட்டுவார்கள். இப்ராஹிமை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு கடிதத்திலேயே தெரிகிறது. பாஷா மீது ஏன் கோபம் என்று சுலைமான் கேட்டதற்கு, நேரில் பார்க்கும்போது சொல்கிறேன் என்று பதில் எழுதுகிறார். அதற்கு மேல் எதுவும் இல்லை. ஈராக் படையெடுப்பில் இப்ராஹிம் தன்னைச் ‘செரஸ்கர் சுல்தான்’ (படைத்தலைவர் சுல்தான்) என்று அழைத்துக்கொண்டதும், தலைமைக் கருவூல அதிகாரி இஸ்கந்தர் செலபியைத் தூக்கிலிடச் செய்ததும் அவரை வீழ்த்தப் போதுமான காரணங்கள்.

முஸ்தஃபா விஷயத்துக்கு வருகிறேன். 1553 அக்டோபர் 6, பாரசீகப் படையெடுப்பின் வழியில், கோன்யா அருகே எரேலியில், தந்தையைக் காண வந்தவனைச் சுல்தானின் கூடாரத்திலேயே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஆணையிட்டவர் சுலைமான். இது உறுதி. ராணுவம் முஸ்தஃபா பக்கம் சாய்கிறது, கிழவரை ஓய்வுக்கு அனுப்பிவிடலாம் என்று வீரர்கள் பேசுகிறார்கள் என்ற எச்சரிக்கையை முகாமிலிருந்து அனுப்பியவர் ருஸ்தெம். இதுவும் உறுதி. முஸ்தஃபாவின் முத்திரையைப் போலியாகச் செய்து பாரசீக ஷாவுக்குக் கடிதம் எழுதினார்கள் என்று ஆட்டோமன் நூல்கள் சில சொல்வது சந்தேகத்துக்குரியது, ஆனால் ஒதுக்கிவிட முடியாதது. ஹுர்ரெம் தன் கையால் இதை நடத்தினார் என்பதற்கு ஓர் ஆவணமும் இல்லை. முஸ்தஃபா சுல்தான் ஆகியிருந்தால் ஹுர்ரெமின் மூன்று மகன்களும் கொல்லப்பட்டிருக்கலாம், இந்தக் கொலையால் பயன் அடைந்தவர் அவரே, தூண்டிய மருமகன் அவர் அணி. ஆகவே அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று நம்புவதும் கடினம். ஆனாலும் மகனைக் கொல்லும் அளவுக்குச் சுலைமானை இட்டுச் சென்றது மனைவியின் தலையணை மந்திரம் என்று சொல்பவர்கள் 1512-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டுதான் சுலைமானின் தந்தை செலிம், சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிஸரிப் படையின் துணையோடு தன் சொந்தத் தந்தையை அரியணையிலிருந்து இறக்கினார். படை நேசிக்கும் இளவரசன் என்ன செய்வான் என்பதை சுலைமான் தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். படையின் கொதிப்பைத் தணிக்க ருஸ்தெம் பதவி நீக்கப்பட்டார், 1555-ல் திரும்பவும் அமர்த்தப்பட்டார். கவிஞர் தாஷ்லிஜாலி யஹ்யா பாடிய இரங்கற்பா ருஸ்தெமையே குற்றம் சாட்டியது. கொலை நடந்த 1553-இன் நவம்பரில் ஜிஹாங்கிர் அலெப்போவில் இறந்தான். காதல் மருந்து, மந்திரம் என்று ஐரோப்பா முழுக்கப் பரவிய கதைகள் பெரும்பாலும் இந்தக் கொலைக்குப் பின் எழுதப்பட்டவை. 1554-ல் ஹாப்ஸ்பர்க் அரசின் தூதராக நியமிக்கப்பட்டு இஸ்தான்புல்லில் இருந்த புஸ்பெக்கின் கடிதங்களைப் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

ஹுர்ரெமின் அதிகாரத்தின் இன்னொரு பகுதி தொடர்களில் அவ்வளவாக வருவதில்லை, எனக்கோ அதுதான் மிகவும் மதிக்கத்தக்கதாகப் படுகிறது: வக்ஃப். 1538-39 வாக்கில் இஸ்தான்புல்லின் அவ்ரத் பஸாரில், பெண்கள் சந்தை என்று பெயர்பெற்ற இடத்தில், சினான் கட்டிய வளாகம் எழுந்தது. பள்ளிவாசல், மதரஸா, சிறுவர் பள்ளி, அன்ன சத்திரம், பின்னர் மருத்துவமனை. ஹசேகி என்ற பெயரில் அங்கே இன்றும் மருத்துவமனை நடக்கிறது. அதுவரை இளவரசர்களின் தாய்மார் தங்கள் மகன் ஆண்ட மாகாண ஊர்களில்தான் கட்டினார்கள். சுல்தான் உயிரோடிருக்கையில், தலைநகரிலேயே ஒரு துணைவியின் பெயரில் இவ்வளவு பெரிய வளாகம் என்பது புதிது. ஜெருசலேமில் 1552-ல் நிறுவியது இன்னும் விரிவானது. ஒரு பள்ளிவாசல், யாத்ரீகர்களுக்கு 55 அறைகள், விலங்குகளோடு வருவோருக்குச் சத்திரம், ரொட்டி அடுப்புகளோடு பெரிய சமையற்கூடம். நாள்தோறும் 400 ஏழைகளுக்கு இரு வேளை உணவு என்று பத்திரம் வகுக்கிறது, பணியாளர்களும் தங்குவோரும் அதற்கு மேல். காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, கூட ரொட்டி. வெள்ளி இரவுகளிலும் பண்டிகைகளிலும் இறைச்சிச் சோறும் குங்குமப்பூ இட்ட இனிப்புச் சோறும். இதற்கான வருமானம் ராம்லா, லுத்து வட்டாரங்கள் முதலியவற்றின் இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து. இந்த நிலங்களைச் சுல்தான் முதலில் ஹுர்ரெமின் தனிச் சொத்தாக எழுதிக்கொடுத்தார், பிறகே அவர் அவற்றை வக்ஃப் செய்தார். விடுதலைப் பத்திரம் எவ்வளவு பெரிய திறவுகோல் என்று இப்போது விளங்கும்.

வெளியுறவிலும் அவர் பெயர் வருகிறது. 1548-ல் போலந்தின் புதிய அரசர் இரண்டாம் சிகிஸ்முண்ட் அகஸ்டஸுக்கு வாழ்த்து எழுதினார், இன்னொரு கடிதத்தோடு இரண்டு ஜோடி சட்டையும் கால்சட்டையும் இடைக்கச்சும், 6 கைக்குட்டைகளும், ஒரு துவாலையும் அனுப்பினார். உள்ளாடை வகைத் துணி குடும்ப உறவைக் குறிக்கும் பரிசு. பாரசீக ஷாவின் சகோதரியோடும் கடிதப் போக்குவரத்து இருந்தது. ஆனால் போலந்தோடு ஆட்டோமன்களுக்கு இருந்த சமாதானம் அவரால்தான் நிலைத்தது என்பது மிகைப்படுத்தல், அதற்கு இரு தரப்புக்கும் சொந்தக் காரணங்கள் இருந்தன. அவரைப் பிடித்துவந்த அதே ஆள்பிடிப்பு அவர் அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோதும் நிற்கவில்லை. அவரால் நிறுத்த முடிந்திருக்குமா என்றால், இல்லை என்றே தோன்றுகிறது. அவருக்கு ஆணையிடும் பதவி எதுவும் கிடையாது. எல்லாம் கணவரின் காதில் சொல்லும் உரிமையிலிருந்து வந்தது.

எகிப்தின் ஷஜர் அல்-துர்ரோடு ஒப்பிட்டால் இது தெரியும். அவரும் அடிமையாக வந்தவர். 1249-ல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியின் படை முன்னேறிக்கொண்டிருக்கும்போது கணவரான சுல்தான் அல்-ஸாலிஹ் இறந்ததை மறைத்துப் போரை நடத்தினார், 1250-ல் தன் பெயரிலேயே நாணயம் வெளியிட்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகைச் சொற்பொழிவான குத்பாவில் பெயர் ஓதப்பட ஆண்டார். சில மாதங்களில் பாக்தாத் கலீஃபாவின் எதிர்ப்பால் விலகி, தளபதி அய்பக்கை மணக்க வேண்டியதாயிற்று. 1257-ல் கொல்லப்பட்டார். ஹுர்ரெம் ஒருநாளும் அரியணையைக் கேட்கவில்லை, அதனாலேயே நெடுங்காலம் நிலைத்தார்.

1558 ஏப்ரலில் ஹுர்ரெம் இறந்தார், சுலைமானியே பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் சுல்தானாவதை அவர் பார்க்கவில்லை. தொடர்களில் அவரைச் சுல்தானின் தாய்க்குரிய ‘வாலிதே’ இடத்தில் வைத்துப் பேசுவது பிழை. அவர் உயிரோடிருந்தவரை செலிமும் பாயஸீதும் வெளிப்படையாக மோதவில்லை. 1559-ல் கோன்யாவில் இருவரின் படைகளும் போரிட்டன, தோற்ற பாயஸீத் பாரசீகத்துக்கு ஓடி, தன் மகன்களோடு அங்கே கொல்லப்பட்டான். ஒரு தாய்க்கு ஒரு மகன் என்ற வழக்கம் எதைத் தடுக்க வந்ததோ அதுவே நடந்தது. 1566-ல் செலிம் சுல்தானானார். அவருடைய துணைவி நூர்பானுவும் அடிமையாக வந்து ஹசேகி ஆனவரே. 1574-ல் செலிம் இறந்தபோது, மகன் முராத் மனீசாவிலிருந்து வந்து சேரும்வரை மரணச் செய்தியை அரண்மனைக்கு வெளியே விடாமல் காத்து, மகனை அரியணையில் அமர்த்தி, 1583 வரை வாலிதே சுல்தானாக அதிகாரம் செலுத்தினார். அதிகாரம் மனைவியின் இடத்திலிருந்து தாயின் இடத்துக்கு மாறியது அப்போதுதான். பின்னாளில் அதே வாலிதே இடத்திலிருந்து அதிகாரம் செலுத்திய கோசெம் சுல்தானைப் பற்றியும் கேட்க நினைத்தால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.